வட்டப்பாறை பல்கலைக்கழகம் காப்பியை ஒழிச்ச கதை

வட்டப்பாறை பல்கலைக்கழகத்துல எம்.ஏ. பசங்க பிட்டு அடிக்கிறாங்கன்னு ஊரே பேசுச்சு. துணைவேந்தருக்கு ரோஷம் வந்துருச்சு. மாசிலாமணி, குப்புராஜ், அம்சவேணின்னு மூணு பேராசிரியர்களைக் கூப்பிட்டு, "எழுத்து இருக்கற ஒரு துண்டுத்தாள்கூட ஹால்ல இருக்கக் கூடாது"ன்னு சொல்லிட்டு வெளிநாடு கிளம்பிட்டாரு. மூணு பேரும் டாக்டர் பட்டம் வாங்கினவங்க. சொன்னதை அப்படியே செய்யறவங்க.

பரீட்சை அன்னைக்கு முதல்ல ஹால் டிக்கெட்டைப் புடுங்கினாங்க. அப்புறம் கேள்வித்தாள் கட்டு வந்துச்சு. பிரிச்சுப் பாத்த குப்புராஜ் ஆடிப்போயிட்டாரு.

"சார், இதுல பூராவும் எழுத்து!"

"பாடத்துல இருந்தே எடுத்திருக்கான், திருட்டுப்பய"ன்னு மாசிலாமணி பல்லைக் கடிச்சாரு. கேள்வி எடுத்தவரு அவருதான்.

கட்டைப் பூட்டி வெச்சுட்டாங்க.

வேதவல்லிங்கற பொண்ணுக்கு இந்த ஒரு பேப்பர்தான் பாக்கி. பாஸானா ஒரு ஸ்கூல்ல வேலை ரெடி. இல்லேன்னா திரும்பவும் பனியன் கம்பெனிக்குப் போயி பிசிறு வெட்டணும். கேள்வி இல்லாட்டி என்ன, தெரிஞ்சதை எழுதுவோம்னு ஒரு வரி எழுதினா. அம்சவேணி பாய்ஞ்சு வந்தாங்க.

"ஏம்மா, என்ன இது?"

"பதிலுங்க மேடம்."

"எழுத்து இருக்கே! குடு இங்க."

கிழிச்சுப் போட்டுட்டு வேற தாள் குடுத்தாங்க. கடைசியில அத்தனை பேரும் வெறுந்தாளைக் கட்டிக் குடுத்துட்டுப் போனாங்க.

திருத்த உக்காந்தா எல்லாத் தாளும் ஒரே மாதிரி.

"ஒரு கமாகூட மாறல. மொத்தமா காப்பி சார்!"

"யாரைப் பாத்து?"

ரொம்ப நேரம் யோசிச்சாங்க. அக்கா கல்யாணம்னு பரீட்சைக்கே வராத உலகநாதனும் ஒண்ணும் எழுதல. "ஹாலுக்கே வராதவன் யாரைப் பாத்து அடிக்க முடியும்? அவன்தான் ஒரிஜினல்"னு அம்சவேணி கண்டுபுடிச்சாங்க. அவனுக்குத் தங்க மெடல். மத்தவங்களுக்கு மறுபரீட்சை.

மறுபரீட்சைக்கு ஒருத்தனும் வரல. மெடல் ஆசை.

குப்புராஜுக்குக் கண்ணு கலங்கிருச்சு. "உலகநாதனைப் பாத்து வராம இருக்கானுக சார். இதுலயும் காப்பி!"

வேதவல்லி மட்டும் வந்தா. உள்ள போனா போன தடவை மாதிரி ஆயிரும். போகலேன்னா உலகநாதனைப் பாத்து காப்பின்னுருவாங்க. ஒரு கால் உள்ள, ஒரு கால் வெளியன்னு வாசப்படியில நின்னுட்டா.

"வந்திருக்கியா, வரலையா?"

"நீங்களே சொல்லுங்க சார்."

மூணு பேரும் கூடிப் பேசினாங்க.

"இப்படி இதுக்கு முன்னாடி யாரும் நிக்கலையே சார். சொந்தமா யோசிச்சிருக்கு."

"ஆனா பாதிதானே வந்திருக்கு?"

பாதி வந்ததுக்கு நூத்துக்கு அம்பது போட்டாங்க. பாஸ். வேதவல்லி உள்ள இருந்த காலையும் மெதுவா வெளிய எடுத்துட்டு, ஓடிப்போயி பஸ் ஏறிட்டா.

அதோட விட்டாங்களா? அடுத்த வருஷம் யாராவது அவளைப் பாத்து வாசல்ல நின்னுட்டா என்ன பண்றது? செங்கல்லும் சிமெண்டும் வரவழைச்சு வாசலையே அடைக்க முடிவு பண்ணாங்க. கொத்தனாரை விட்டா வேற எங்கயோ கட்டின செவுரைப் பாத்துக் கட்டிருவான்னு, மூணு பேருமே கட்டினாங்க. நல்லா நெருக்கமா, ஒரு ஓட்டைகூட இல்லாம, உள்ள நின்னுக்கிட்டு.