அண்ணாச்சி பார்த்த முதல் பனி

இந்தக் கதையில் ஒரு சிரிப்பு இருக்கிறது. பெரிய சிரிப்பு. ஆனால் அதை இப்போதே எடுத்து நீட்டிவிட மாட்டேன். நானே அதற்காகக் காத்துக் கிடந்தேன். நீங்களும் கொஞ்சம் இருங்கள்.

முதலில் அண்ணாச்சி.

தளவாய் அண்ணாச்சி தூத்துக்குடிக்காரர். ஆயுசு முழுக்க உப்பளத்தில் உப்பு வாரியவர். தலை நரைத்த பிறகு குருவைத் தேடி இமயமலைக்கு ரயிலேறி வந்தார். எங்கள் குருவுக்கு அவரைவிட வயது குறைவு. எல்லோரும் அம்மா என்றுதான் கூப்பிடுவோம். அண்ணாச்சியும் அம்மா என்பார். அம்மா அவரை அண்ணாச்சி என்பார்.

குருவைப் பார்க்க வருகிறவர்கள் பழம் கொண்டு வருவார்கள். அண்ணாச்சி கொண்டு வந்தது ஒரு மூட்டை உப்பு.

"எங்க பக்கம் இதுதாம்மா விளையுது. என் கையால வாரினது."

அம்மா இரண்டு கையாலும் வாங்கி அடுப்படியில் வைத்தார். குளிர்காலம் முடிகிற வரைக்கும் எங்களுக்கு அந்த உப்புதான் என்று ஏற்பாடு.

அந்த வீட்டில் நான் இன்னொரு சிஷ்யை. பதினாறு வயது. யார் பேசினாலும் அதே குரலில் திருப்பிப் பேசுவேன். ஜீப் ஓட்டும் பல்பீர், தபால்காரர், பக்கத்து வீட்டு ஆடு, யாரும் தப்ப முடியாது. என் வாயைப் பொறுக்க முடியாமல்தான் வீட்டில் இங்கே கொண்டுவந்து விட்டார்கள். அண்ணாச்சி எனக்கு வைத்த பெயர் மைனா.

வந்த அன்றே அண்ணாச்சி அம்மாவிடம் கேட்டார்.

"பனி விழுறதை ஒரு தடவை பாக்கணும்மா."

"அப்படி என்ன ஆசை?"

"நான் பாத்த வெள்ளையெல்லாம் நாங்க வாரி வாரி அம்பாரம் போட்டது. வேர்வை சொட்டாம ஒரு படி வெள்ளை வந்ததில்ல. இங்க யாரு கையும் படாம, தானா ஒரு வெள்ளை வருமாமே. அது வர ஆரம்பிக்கிற நிமிஷத்தைப் பாத்தாப் போதும். எப்போ வரும்?"

"வரும்போது."

"வந்தா, அதுதான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

அம்மா உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தார். கத்தியைக் கீழே வைத்தார். பக்கத்தில் கிடந்த துணியை எடுத்து அண்ணாச்சியிடம் கொடுத்தார்.

"ஜன்னல் கண்ணாடியைத் துடைங்க, அண்ணாச்சி."

துடைத்தார். தினமும் துடைத்தார். அவர் மூச்சுக் காற்றே பட்டுக் கண்ணாடி மங்கும், மறுபடி துடைப்பார். காலையிலேயே குளித்து, திருநீறு பூசி, இரண்டு ஸ்வெட்டருக்கு மேல் வெள்ளைத் துண்டைப் போட்டுக்கொண்டு, மாப்பிள்ளை வீட்டாரை எதிர்பார்ப்பவர் மாதிரி ஜன்னலில் உட்கார்ந்திருப்பார். ஒரு மேகம் வந்தால் எழுந்து நிற்பார். மேகம் போனால் உட்காருவார்.

"ஏட்டி மைனா, அது என்னது, வெள்ளையா பறக்குது?"

"கோழி இறகு, அண்ணாச்சி."

"அது?"

"அதே கோழிதான்."

சிரிக்காதீர்கள். இது அந்தச் சிரிப்பு இல்லை.

பனி வரவில்லை. பல்பீர்தான் வந்தான். நாளைக் காலை கடைசி ஜீப். அதற்குப் பிறகு பாதையை மூடிவிடுவார்கள் என்றான். அண்ணாச்சியின் மகள் தலைப்பிரசவத்துக்கு ஊருக்கு வந்திருந்தாள். அவர் போயே ஆகவேண்டும். முழங்காலைத் தடவிக்கொண்டார்.

"இந்தக் காலை வச்சுக்கிட்டு இன்னொரு தடவை மலையேற மாட்டேன். இன்னைக்கு வந்தாத்தான் உண்டு" என்று என்னிடம் சொன்னார். பிறகு கண்ணாடியைத் துடைத்தார்.

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. பாவமே என்று வந்ததா, வேடிக்கைக்கு வந்ததா? அதில் எனக்கே குழப்பம். இரண்டும் ஒரே குரலில்தான் பேசின.

மத்தியானம் அம்மியில் உப்பை நுணுக்கினேன். அம்மா எட்டிப் பார்த்தார்.

"என்ன அரைக்கிறே?"

"உப்பும்மா."

"எதுக்கு?"

"கஞ்சிக்கு."

அம்மா அம்மியைப் பார்த்தார். மூட்டையைப் பார்த்தார்.

"பெரிய கஞ்சி" என்றார். போய்விட்டார்.

பொழுது சாய்கிற நேரம் அம்மா பால் வாங்கக் கீழே கிராமத்துக்குப் போனார். எங்கள் வீட்டின் பின்பக்கம் மலைச்சரிவு. அங்கிருந்து ஒரு எட்டு வைத்தால் கூரை. மாவு சலிக்கிற சல்லடையையும் நுணுக்கிய உப்பு மூட்டையையும் எடுத்துக்கொண்டு ஏறினேன்.

கூரையில் அடுப்புப் புகை போக ஒரு ஓட்டை உண்டு. அதில் வாயை வைத்தேன். அம்மா பேசும்போது நடுவில் ஒரு மூச்சு நிறுத்துவார். சொல்லைக் கீழே வைத்துவிட்டு மறுபடி எடுப்பது போல இருக்கும். அதை நான் தூக்கத்தில்கூடச் செய்வேன்.

"அண்ணாச்சி... வருது. பாருங்க."

"வந்துட்டீங்களாம்மா? எங்க, எங்க?"

"வெளியே போகாதீங்க. முதல் பனியை... தொடக் கூடாது."

"சரிம்மா, சரிம்மா!"

விளிம்புக்கு ஓடி, ஜன்னலுக்கு மேலே குப்புறப் படுத்துச் சல்லடையை ஆட்டினேன். காற்று கொஞ்சம் இருந்தது. உப்பு பொசுபொசுவென்று, சாய்ந்து சாய்ந்து இறங்கியது. சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கே பனி மாதிரிதான் தெரிந்தது.

தலையைத் தொங்கப்போட்டு ஓரத்திலிருந்து உள்ளே எட்டிப் பார்த்தேன். சிரிப்பதற்குத் தயாராக வாயைப் பொத்திக்கொண்டு.

அண்ணாச்சி எழுந்து நின்றிருந்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டிருந்தார், சன்னதியில் நிற்கிற மாதிரி. கை கூப்பியிருந்தது. கண்ணாடி மங்குமே என்று மூச்சைக்கூட அடக்கிக்கொண்டிருந்தார்.

ஆயுசு முழுக்க உப்போடு கிடந்த மனுஷன். தன் உப்பைத்தான் கும்பிட்டுக்கொண்டு நின்றார். சிரிப்பு வரவேண்டிய இடம் இதுதான்.

வரவில்லை.

சரி, கொஞ்ச நேரம் கழித்து வரும் என்று நினைத்தேன். மூட்டை காலியாகும்வரை சலித்தேன். அப்போதும் வரவில்லை. பொத்திய கையை எடுப்பதா வேண்டாமா என்று தெரியாமல் இறங்கி வந்தேன்.

அம்மா பாலோடு வந்தார். கஞ்சி குடிக்க உட்கார்ந்தோம்.

"பனி விழுந்துச்சே, நீங்க அப்போ சொன்னீங்களே!" என்றார் அண்ணாச்சி.

அம்மா ஒரு வாய் கஞ்சி குடித்தார்.

"உப்பு எங்கே?" என்று என்னைக் கேட்டார்.

"தீர்ந்துபோச்சும்மா."

"மூட்டையுமா?"

"மூட்டையும்."

அம்மா அண்ணாச்சியைப் பார்த்தார். அண்ணாச்சி உப்பில்லாத கஞ்சியை அமிர்தம் மாதிரி குடித்துக்கொண்டிருந்தார். இரண்டாவது தடவையும் வாங்கினார்.

"இன்னும் விழுதா, அண்ணாச்சி?"

"நின்னுருச்சும்மா. கொஞ்சந்தான் விழுந்துச்சு. எனக்கு அது போதும். கண்ணு நிறைஞ்சுபோச்சு."

"அப்போ சரி" என்றார் அம்மா. மிச்சக் கஞ்சியைக் குடித்தார். பாதை மூடினால் வசந்தம் வரைக்கும் உப்பு கிடைக்காது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அண்ணாச்சி ஜன்னல் கதவைச் சாத்தினார். கொண்டியைப் போட்டார். இத்தனை நாளில் முதல் தடவையாகச் சீக்கிரம் படுத்தார்.

சல்லடையைக் கூரையிலேயே விட்டுவிட்டது ஞாபகம் வந்து மறுபடி ஏறினேன். விளிம்பில் கிடந்தது. குனிந்தேன். என் புறங்கையில் ஏதோ உட்கார்ந்தது.

ஒட்டியிருந்த உப்பு என்று நினைத்துத் தட்டினேன். இன்னொன்று உட்கார்ந்தது. சல்லடையை உதறினேன். அதில் ஒன்றும் இல்லை. ஆனால் விழுந்துகொண்டே இருந்தது. யார் சலிக்கிறார்கள் என்று அண்ணாந்து பார்த்தேன். அப்படித்தான் பார்த்தேன். சிரித்துக்கொள்ளுங்கள், இதுவும் அந்தச் சிரிப்பு இல்லை.

வானம் முழுக்க இறங்கிக்கொண்டிருந்தது.

ஆரம்பிக்கிற நிமிஷம்! ஓட்டைக்கு ஓடி வாயை வைத்தேன்.

"அண்ணாச்சி... எழுந்திருங்க. பனி."

கம்பளிக்குள்ளிருந்து பதில் வந்தது. "பாத்துட்டேம்மா. நிறைஞ்சிருக்கேன்."

பல்பீர் குரலில் கத்தினேன். தபால்காரர் குரலில் கூப்பிட்டேன். ஆடு மாதிரிகூடக் கத்திப் பார்த்தேன். அவர் அசையவில்லை.

என் குரலில் கூப்பிடலாம் என்று வாயைத் திறந்தேன். கூப்பிட்டால், முதலில் விழுந்தது என்ன என்று சொல்ல வேண்டும். அது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், என் குரல் எப்படி ஆரம்பிக்கும் என்று சட்டென்று ஞாபகம் வரவில்லை. அப்படியே நின்றேன். அண்ணாச்சி ஆசைப்பட்டதை அண்ணாச்சிக்குப் பதிலாக நான் பார்த்துக்கொண்டிருந்தேன். சல்லடையை மறுபடி அங்கேயே விட்டுவிட்டு இறங்கினேன்.

காலையில் பல்பீர் ஹாரன் அடித்தான்.

அண்ணாச்சி பையோடு கதவைத் திறந்தார். உலகமே வெள்ளை. கூரை, வேலி, ஜீப், ஆட்டின் முதுகு.

"அடேயப்பா! நான் தூங்கினப்புறம் இவ்வளவா வந்துச்சு!" மெல்ல வீட்டைச் சுற்றி நடந்தார். தன் ஜன்னலருகே போனதும் நின்றார்.

"அம்மா, இங்க வாங்களேன்."

போனோம். எல்லா இடத்திலும் கணுக்கால் ஆழத்துக்கு வெள்ளை. அவர் ஜன்னலுக்குக் கீழே மட்டும் ஒரு பாய் அகலத்துக்குக் கருப்பு. சேறாக, ஈரமாக, ஒரு பொட்டு வெள்ளை இல்லாமல்.

"ஊரெல்லாம் தங்கியிருக்கு. முதல்ல விழுந்த இடத்துல ஏன் தங்கலை?"

"தொட்டுப் பாருங்க."

"நீங்கதானே தொடக் கூடாதுன்னீங்க?"

"எப்போ?"

"நேத்து. அடுப்படியிலருந்து. பொழுது சாயுற நேரம்."

"நேத்து அந்த நேரம் நான் பால் வாங்கிட்டிருந்தேன், அண்ணாச்சி."

அண்ணாச்சிக்குப் புருவம் சுருங்கியது. என்னைப் பார்த்தார். நான் ஆட்டைப் பார்த்தேன்.

அம்மா குனிந்து அந்தச் சேற்றில் ஒரு விரலைத் தொட்டார். விரலை அவர் முன்னால் நீட்டினார்.

"உங்களுக்குத் தெரியாததா? நாக்குல வச்சுச் சொல்லுங்க."

அண்ணாச்சி அந்தச் சேற்றைத் தன் விரல்நுனியில் வாங்கி நாக்கில் வைத்தார். கண்ணை மூடினார். திறந்தார். அண்ணாந்து கூரையைப் பார்த்தார். விளிம்பில் சல்லடை, தலை நிறையப் பனியோடு உட்கார்ந்திருந்தது. சல்லடையிலிருந்து பார்வை என் மேல் இறங்கியது.

"ஏட்டி மைனா... என் உப்பையா?"

"ஆமா, அண்ணாச்சி" என்றேன். கரகரவென்று என்னவோ போல ஒரு குரல் வந்தது. யாருடைய குரலும் இல்லை.

"எனக்கேவா?"

"ஆமா."

"துண்டை வேற இடுப்புல கட்டினேனேட்டி!"

அப்புறம்தான் வந்தது. நான் சொன்னேனே, அந்தச் சிரிப்பு. என்னுடையது இல்லை, அவருடையது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, சுவரில் சாய்ந்து, கண்ணில் தண்ணீர் வர, வானத்தைப் பார்த்து வாயைப் பிளந்து சிரித்தார். என்ன விஷயம் என்று தெரியாமலே பல்பீரும் ஜீப்பில் உட்கார்ந்து சிரித்தான்.

சட்டென்று அண்ணாச்சியின் சிரிப்பு நின்றது.

திறந்த வாய் திறந்தபடியே இருந்தது. மேலேயிருந்து ஒன்று இறங்கி அவர் நாக்கில் உட்கார்ந்திருந்தது. அவர் கண்ணெதிரே இன்னொன்று, அதன் பின்னால் இன்னொன்று. மறுபடி ஆரம்பித்திருந்தது.

வாயை மூடினார். பல்பீர் ஹாரனிலிருந்து கையை எடுத்தான்.

"அம்மா" என்றார் அண்ணாச்சி. "இதுல உப்பே இல்லையே."

"இது நீங்க கொண்டு வந்தது இல்லை, அண்ணாச்சி."