டாக்டர் குரலில் பேசிய கரிச்சான்

நீர்முள்ளிக் குளத்தங்கரையில் கூடைப்பந்து ஆட்டம் என்றால் காடே திரண்டுவிடும்! இரண்டு பனைமரங்களில் கொடியை முறுக்கி வளையம் கட்டியிருந்தார்கள். காய்ந்த சுரைக்குடுக்கைதான் பந்து. வடகரைக் குரங்குகளும் தென்கரைக் குரங்குகளும் மோதும். மற்ற மிருகங்கள் கரையில் உட்கார்ந்து தொண்டை கிழியக் கத்தும்.

வடகரை ரசிகர்களின் தலைக்கு மேலே, நாவல் கிளையில், கரிச்சான் குருவி மைவண்ணன் உட்கார்ந்திருப்பான். அவனுக்கு வராத குரலே கிடையாது. அவன் எருமை மாதிரித் தும்மினால், எருமையின் பெண்டாட்டியே திரும்பிப் பார்ப்பாள்.

கிளைக்குக் கீழே சருகுமான் தும்பை நிற்பாள். முயலைவிடக் கொஞ்சம்தான் பெரியவள். முன்னால் எருமை சங்கிலி உட்கார்ந்துவிட்டால், அவளுக்கு அதன் முதுகு மட்டும்தான் தெரியும், ஆட்டம் தெரியாது. அதனால் மைவண்ணன் மேலிருந்து ஆட்டத்தைச் சொல்லுவான். எல்லார் குரலிலும் மாறி மாறிச் சொல்லுவான். தும்பை விக்கல் வரும்வரை சிரிப்பாள். அந்தச் சிரிப்புக்காகத்தான் அவன் ஆட்டத்துக்கே வருவான்.

வடகரையில் ஒரு வழக்கம் இருந்தது. கரடி மாடசாமி சூடான பாறையில் மூங்கிலரிசி மாவைத் தட்டி, எருமைப்பால் சீஸ் போட்டு பீட்சா சுடுவார். நம் அணி ஒரு கூடை போட்டால், ஒரு துண்டு வரிசையில் கிளம்பும். ஆளுக்கு ஒரு கடி! கடித்துவிட்டு அடுத்தவருக்குத் தள்ள வேண்டும். அதற்குப் பெயர் வெற்றித் துண்டு. கடிக்காதவன் வடகரைக்காரனே இல்லை!

அந்த வருஷம் காட்டுக்குள் ஒரு காய்ச்சல் புகுந்தது. ரசிகர்கள் ஆட்டத்தைப் பேசுகிற அதே வாயால் காய்ச்சலையும் பேசினார்கள்.

"கவலையே படாதீங்க!" என்றது நரி ஞானப்பன். "இது தென்கரைக் காய்ச்சல். அவங்க டிஃபென்ஸ் வீக்கு. அதான் உள்ள பூந்துடுச்சு. நம்ம டிஃபென்ஸ் எப்படி? கோட்டை!"

"அப்போ நேத்து நம்ம முயலுக்கு வந்துச்சே, அண்ணே?" என்றது சங்கிலி.

"அது ஃபவுல்! கணக்குல சேராது!"

"அதானே பாத்தேன்! சரி, இன்னிக்கு பீட்சாவுல என்ன போட்டிருக்காங்க? கோரைப்புல்லா?"

"புல்லைப் போட்டா அதுக்குப் பேரு பீட்சாவா? மாட்டுத் தீனி! நண்டு போடணும்யா, நண்டு!"

"நண்டு போட்டா நான் தொடமாட்டேன். சீஸ் எங்க வீட்டுது, ஞாபகம் இருக்கட்டும்!"

தும்பை மெதுவாக, "இலுப்பைப்பூ போட்டா நல்லாருக்கும்" என்றாள். யாரும் காதில் வாங்கவில்லை. மைவண்ணன் மட்டும் கரடியின் குரலில், "ஆகட்டும் தாயீ!" என்றான். அவளுக்கு விக்கல் வந்துவிட்டது.

அப்போது குளத்திலிருந்து நீர்நாய் டாக்டர் செண்பகவல்லி தலையை நீட்டினார். மூக்கில் ஏறிய தண்ணீரை 'ப்ர்ர்ர்' என்று சிந்திவிட்டுப் பேசுவது அவர் பழக்கம்.

"ப்ர்ர்ர்! பாருங்கம்மா, இந்தக் காய்ச்சல் எச்சில்ல பரவுது. படுத்தவங்க எல்லாரும் ஒரே துண்டைக் கடிச்சவங்க. காய்ச்சல் ஓயற வரைக்கும் அந்தத் துண்டு வேண்டாம். தள்ளித் தள்ளி உட்காருங்க. தும்பை, உனக்கு ஏற்கனவே மூச்சு இழுக்குது. நீ ஆட்டத்துக்கே வராதே."

"டாக்டரம்மா தென்கரைக் கட்சி போல!" என்றது ஞானப்பன். எல்லாரும் சிரித்தார்கள்.

தும்பை சிரிக்கவில்லை. அன்றே தாழம்புதருக்குப் பின்னால் இருந்த தன் வீட்டுக்குள் போய் அடைந்துகொண்டாள்.

அடுத்தது இறுதி ஆட்டம். மைவண்ணன் புதருக்குப் பறந்து வந்து கெஞ்சினான்.

"ஃபைனல் தும்பை! நீ இல்லாம நான் யாருக்குச் சொல்றது? அந்த எருமைக்கா?"

"டாக்டர் சொன்னா வர்றேன்" என்றாள் அவள். "அவங்க வேண்டாம்னா வேண்டாம்தான்."

மைவண்ணனுக்கு அலகு அரித்தது. புதரின் அந்தப் பக்கம் போய் மறைந்துகொண்டான்.

"ப்ர்ர்ர்! பாரும்மா தும்பை, உனக்கு ஒண்ணும் ஆகாது. போய் ஆட்டத்தைப் பாரு. ஒரு கடி கடிச்சாலும் தப்பில்ல!"

அசல் டாக்டர்! மூச்சு விடுகிற இடம்கூடப் பிசகவில்லை. தும்பை துள்ளிக் குதித்து வெளியே வந்தாள். அந்த வழியாகப் போன ஞானப்பன் காதிலும் அது விழுந்தது. அவ்வளவுதான்! "டாக்டரே தப்பில்லன்னு சொல்லிட்டாங்க!" என்று குளத்தைச் சுற்றி ஊளையிட்டுக்கொண்டு ஓடியது. அதுவரை பயந்து வீட்டில் இருந்தவர்கள்கூடக் கிளம்பிவிட்டார்கள்.

'நல்ல வேடிக்கை!' என்று மைவண்ணன் இறகைச் சிலிர்த்துக்கொண்டான்.

வடகரை ஜெயித்தது. கூடைக்குக் கூடை துண்டு ஓடியது. தும்பையும் கடித்தாள். மைவண்ணன் கிளையில் இருந்தபடியே டாக்டர் குரலில், "நல்லா மென்னு சாப்பிடும்மா!" என்றான். அவள், டாக்டர் எங்கே என்று திரும்பிப் பார்த்தாள். அவனுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

நாலைந்து நாளில் வடகரை முழுக்கப் படுத்துவிட்டது. எருமை படுத்தது. கரடியின் பாறை ஆறிப்போனது. ஞானப்பன் வாலைச் சுருட்டிக்கொண்டு முனகியது; ஃபவுல் என்று அது வாயைத் திறக்கவே இல்லை.

தும்பைதான் மோசம். விலா எலும்பு தெரிய மூச்சு வாங்கினாள். மைவண்ணன் வந்து வாசலில் உட்கார்ந்தான்.

"டாக்டர் ஏன் அப்படிச் சொன்னாங்க, மைவண்ணா?" என்றாள். "எனக்கு மூச்சு இழுக்கும்னு அவங்களுக்குத் தெரியுமே?"

உண்மையைச் சொல்லிவிடத்தான் மைவண்ணன் நினைத்தான். வாயைத் திறந்தான். "ஆகட்டும் தாயீ" என்று கரடிக்குரல்தான் வந்தது. அவளுக்கு விக்கல் வரவில்லை. இருமல் வந்தது.

அதற்குள் வெளியே சத்தம். டாக்டர் செண்பகவல்லி கஷாயச் சிரட்டையோடு வந்துகொண்டிருந்தார். எழுந்து நடக்க முடிந்தவர்களெல்லாம் அவர் பின்னால் வந்து கத்தினார்கள்.

"துண்டைக் கடிக்கச் சொல்லிட்டு, இப்போ மருந்தா?"

"குளத்தை விட்டுப் போ!"

"நான் அப்படிச் சொல்லவே இல்லைம்மா" என்றார் டாக்டர். சிரட்டையைத் தும்பையிடம் நீட்டினார்.

"என் காதால கேட்டேன்!" என்றது ஞானப்பன்.

"நானும் கேட்டேன்" என்றாள் தும்பை. சிரட்டையைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "உங்க கையால எனக்கு எதுவும் வேண்டாம்."

"குடிக்காட்டி இந்த மூச்சு ராத்திரி தாங்காதும்மா!"

"வேண்டாம்!"

மைவண்ணன் இறகை விரித்தான். பேசாமல் பறந்துபோய்விடலாம். யாருக்கும் தெரியாது. பழி டாக்டர் தலையில், அவன் தலை தப்பும். ஆனால் தும்பை?

"நான்தான்!" என்று கத்தினான். "அன்னிக்குப் பேசினது நான்தான்!"

சங்கிலி இருமிக்கொண்டே சிரித்தது. "டேய், நோயாளிங்க கிட்டயும் உன் மிமிக்ரியா? இது யார் குரல்டா?"

"டாக்டரைக் காப்பாத்தப் பாக்குறான்" என்றது ஞானப்பன். "போடா அந்தப் பக்கம்!"

யாரும் நம்பவில்லை. தும்பையும் நம்பவில்லை. அவளுடைய மூச்சு விட்டு விட்டு வந்தது.

மைவண்ணன் வாசலை விட்டு நகர்ந்தான். நடுவில் ஒரு கல் கிடந்தது. எல்லார் கண்ணுக்கும் தெரிகிற மாதிரி, டாக்டருக்கு எதிரிலேயே, அதில் ஏறி நின்றான். அலகைத் திறந்தான்.

"ப்ர்ர்ர்! பாரும்மா தும்பை, உனக்கு ஒண்ணும் ஆகாது. போய் ஆட்டத்தைப் பாரு. ஒரு கடி கடிச்சாலும் தப்பில்ல."

அதே குரல். மூச்சு விடுகிற இடம்கூடப் பிசகவில்லை. எல்லார் கண்ணும் டாக்டரின் மூடிய வாயைப் பார்த்தது. பிறகு கல்லின் மேல் நின்ற சின்னக் கரிச்சானைப் பார்த்தது.

அவன் வாழ்நாளில் அவ்வளவு அச்சாக யாரையும் பேசிக் காட்டியதில்லை. கைதட்ட ஒருவரும் இல்லை. ஞானப்பனின் முகத்தில் ஈயாடவில்லை. சங்கிலி தலையைக் குனிந்து தரையைக் குளம்பால் கீறியது. குளத்தை விட்டுப் போ என்று கத்திய வாய்கள் ஒவ்வொன்றாகப் பின்வாங்கிப் புதருக்குள் மறைந்தன.

டாக்டர் அவனை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. சிரட்டையைத் தும்பையின் வாயருகே பிடித்தார். அவள் குடித்தாள். இருட்டுகிற நேரத்துக்கு மூச்சு கொஞ்சம் சீரானது.

மைவண்ணன் கல்லை விட்டு நகரவில்லை. நிமிரவும் இல்லை.

"மைவண்ணா" என்றாள் தும்பை. "அன்னிக்கு நான் அந்தத் துண்டைக் கடிச்சப்போ, நீ சிரிச்சியா?"

எருமையின் குரலில் பதில் சொல்லியிருக்கலாம். கரடியின் குரலில் ஒரு வேடிக்கை செய்திருக்கலாம். இல்லை என்று ஒரு பொய்யும் சொல்லியிருக்கலாம்.

"சிரிச்சேன்" என்றான்.

கீச்சென்று, மெலிசாக, நடுவில் உடைந்து வந்த குரல் அது. அந்தக் காட்டில் யாரும் அதுவரை கேட்டிராத குரல்.

தும்பை கண்ணை மூடிக்கொண்டாள்.

ஊர் நம்புகிறவரின் குரலைத் திருடி விளையாடுகிறவன், ஒருநாள் தன் சொந்தக் குரலில் தலைகுனிந்து பதில் சொல்லியே ஆக வேண்டும்.