வால் சொன்ன சேதி

கோடையில் ஓடை வற்றிப்போகும் ஒரு காட்டில், வல்லி என்ற புள்ளிமான் தன் குட்டியோடு வாழ்ந்து வந்தது. தாகத்துக்கு ஓடை மணலில் இருந்த ஊற்றுதான் கதி.

ஊற்றுக்குப் போகும் கூட்டாளிகள் மூன்று பேர், ஆளுக்கொரு வேலை. காட்டுப்பன்றி மணலைக் கிளறித் தண்ணீர் எடுக்கும். வல்லி காற்றை மோந்து பார்க்கும். கருமுகன் என்ற குரங்கு மருத மரத்து உச்சியில் காவல் இருக்கும்.

அங்கே யாரும் வாய் திறக்கக் கூடாது. கத்தினால், பதுங்கியிருக்கும் சிறுத்தை அந்த நொடியே பாய்ந்துவிடும் அல்லவா? அதனால் கருமுகன் வாலால்தான் பேசும். வால் நேராகத் தொங்கினால் குடிக்கலாம். சுருண்டு மேலே போனால் ஓட வேண்டியதுதான்.

வல்லிக்குப் பிறவியிலேயே சந்தேக புத்தி. இலை அசைந்தாலும் "ஏன் அசைந்தது?" என்று கேட்கும். அது தெரிந்துதான் நரி ஒருநாள் வந்து காதைக் கடித்தது.

"அக்கா, அந்தக் குரங்கு அங்கே ஒரு வார்த்தையாவது பேசியதுண்டா? வாலை ஆட்டி யாருக்குச் சைகை காட்டுகிறது? உனக்கா, புதரில் இருப்பவருக்கா?"

வல்லி அன்று முழுவதும் அந்த வாலையே முறைத்துப் பார்த்தது. பார்க்கப் பார்க்க எல்லாமே சதியாகத் தெரிந்தது.

"நாளை முதல் உன் காவல் வேண்டாம். நரி பார்த்துக்கொள்ளும்" என்றது கருமுகனிடம்.

கருமுகன் ஒன்றும் சொல்லாமல் மரமேறிவிட்டது.

"பார்த்தாயா, பதிலே இல்லை!" என்றது நரி.

மறுநாள் காட்டுப்பன்றி ஊற்றைக் கிளறிவிட்டுத் தள்ளி நின்றது. அங்கே வாய் திறக்கக் கூடாது என்பதையும் மறந்து நரி பேசிக்கொண்டே இருந்தது.

"காற்றையும் நானே பார்த்துக்கொள்கிறேன், அக்கா. நீ நிம்மதியாகக் குனிந்து குடி. குட்டியை முன்னால் விடு. பயமே இல்லை."

குட்டியை ஏன் முன்னால் விடச் சொல்கிறது? வல்லியின் சந்தேகம் இப்போதுதான் சரியான பக்கம் திரும்பியது. நரியின் வாய் பயமில்லை என்றது. கால்களோ பின்னால் நகர்ந்தன. கண்கள் நாணல் புதர்ப் பக்கம் போய்ப் போய் வந்தன.

வல்லி மெல்லத் தலை நிமிர்ந்தது. வேண்டாம் என்று சொல்லியும் கருமுகன் உச்சிக் கிளையில் உட்கார்ந்திருந்தது. அதன் வால் சுருண்டு மேலே போய்க்கொண்டிருந்தது.

வல்லி குட்டியை முட்டித் தள்ளிக்கொண்டு பாய்ந்தது. பன்றியும் ஓட்டம் பிடித்தது. புதரிலிருந்து பாய்ந்த சிறுத்தை வெறும் மணலில் விழுந்தது.

"மானை மாட்டிவிடுகிறேன் என்றாயே!" என்று அது நரியின் பக்கம் திரும்பியது. அதன் பிறகு நரியின் வாய்க்கு வேலை இல்லை, கால்களுக்குத்தான்.

அடுத்த நாள் வல்லி மருத மரத்தடியில் போய் நின்றது. வெட்கத்தில் தலையைத் தாழ்த்தியபடியே நின்றது. கருமுகன் ஒரு தளிர்க் கொத்தை ஒடித்துக் குட்டியின் முன்னால் போட்டது. பிறகு வாலை நேராகத் தொங்கவிட்டது.

வல்லி காற்றை மோந்து பார்த்துவிட்டுக் குடிக்கக் குனிந்தது.

நீதி: இனிக்கப் பேசும் வாயை நம்பும் முன், அதன் கண்ணும் காலும் என்ன சொல்கின்றன என்று பார்.