புடலங்காய்க்குக் கல் கட்டிய கதை

புடலங்காயின் நுனியில் கல் கட்டுவது காய் நேராக வளர்வதற்காக என்று படித்தவர்கள்கூட நம்புகிறார்கள். இந்தத் தவறு சந்தை, சமையலறை, கல்யாணப் பந்தி என்று எங்கும் பரவிவிட்ட பிறகு இனியும் வாய்மூடி இருப்பது முறையாகாது. காய் நேராக வருவது உண்மைதான். ஆனால் அது தற்செயல். கல் கட்டிய காரணம் வேறு.

அந்தக் காலத்தில், செடிகொடிகளுக்குப் பேச்சு இருந்தபோது, புடலங்காய் கீழே தொங்கவில்லை. பந்தலுக்கு மேலே நிமிர்ந்து நின்றது. பாகலும் பீர்க்கும் அப்போதும் தொங்கிக்கொண்டுதான் இருந்தன. அவற்றுக்குப் பொறாமை இருந்ததா என்பது பற்றிப் பாகல் மட்டும் கருத்துச் சொல்லியிருக்கிறது: "நிக்கிற நிப்பைப் பாரு, கோயில் கொடிமரம்னு நெனப்பு!"

அந்தப் பந்தல் செம்பாயி என்பவளுடையது. தைப் பட்டத்தில் விதை ஊன்றி, குடத்தில் தண்ணீர் சுமந்து வளர்த்தாள். சித்திரை பிறந்தது. வேம்பு பூத்தது, புங்கமரம் தளிர் விட்டது, கோடைமழை மட்டும் வரவில்லை. கிணற்றில் இறக்கிய குடம் மூழ்காமல் பாறையில் தட்டியது. கத்தரிப் பாத்தி வெடித்தது. இன்னும் சில நாள் போனால் பந்தல் முழுவதும் சருகாகிவிடும். அதை விட்டால் செம்பாயிக்கு வேறு பிழைப்பு கிடையாது.

தோட்டத்துக்கு நேர் மேலே, வெகு உயரத்தில், ஒரே ஒரு மேகம் நின்றிருந்தது. யாரும் கூப்பிடாததால் அது சும்மா நின்றது.

"ஆத்தா, நான் போயிக் கூப்பிடட்டுமா?" என்றது புடலங்காய்.

"எட்டுமா சாமி?"

"வளந்தா எட்டும்."

வளர்ந்தது. வேலியைத் தாண்டியது, பனையைத் தாண்டியது, பருந்து வட்டமிடும் உயரத்தையும் தாண்டியது. பருந்து மரியாதையாக விலகிக்கொண்டது. அங்கிருந்து அது முதன்முதலாகப் பூமியைப் பார்த்தது. பாத்திகள் பாய் விரித்ததுபோலக் கிடந்தன. மாடுகள் எள்ளளவில் மேய்ந்தன. ஆறு என்று ஊரார் சொல்லும் மணல்கோடு மலையில் தொடங்கி, எங்கோ ஒரு நீலத்தில் போய் முடிந்தது. அந்த நீலத்துக்குக் கரையே இல்லை. அண்ணாந்து பார்த்தால், பட்டப்பகலில், நட்சத்திரங்கள்! வெயிலுக்குப் பயந்து அவை எங்கும் போய்விடுவதில்லை என்று செடிகொடி இனத்துக்குத் தெரிந்தது அன்றுதான்.

புடலங்காய் எல்லாவற்றையும் இன்னொரு முறை சுற்றிப் பார்த்தது. பிறகு மேகத்தின் அடிவயிற்றை நுனியால் மெல்லத் தொட்டு, வந்த காரியத்தைச் சொன்னது. மழை இறங்கியது. கிணறு ஊறியது. கத்தரி தலைநிமிர்ந்தது.

"போதும் சாமி, எறங்கு!" என்று நனைந்தபடி கத்தினாள் செம்பாயி.

"இன்னும் ஒரு முழம், ஆத்தா!"

அந்த முழம் வளர்ந்ததும் இன்னொரு முழம் கேட்டது. செம்பாயி கீழே பார்த்தாள். இளகிய மண்ணிலிருந்து கொடியின் வேர் பாதி வெளியே வந்திருந்தது. இன்னும் கொஞ்சம் ஏறினால் மீதியும் வந்துவிடும். "வேர் தெரியுது, வேர் தெரியுது!" என்று பீர்க்கு அலறியது. பாகல்கூட அப்போது கிண்டல் செய்யவில்லை.

செம்பாயி அதட்டவில்லை. "அப்படி என்னதான் இருக்கு அங்க? எனக்கும் சொல்லேன் கண்ணு," என்றாள்.

அதுவரை யாரும் அதனிடம் அப்படிக் கேட்டதில்லை. புடலங்காய் ஆசையோடு வளைந்து, அவள் காதருகே நுனியைக் கொண்டுவந்தது. கரையில்லாத நீலத்தைச் சொன்னது. பகல் நட்சத்திரங்களைச் சொன்னது. செம்பாயி மூச்சு விடவும் மறந்து கேட்டாள். கேட்டபடியே வரப்பில் கிடந்த ஒரு கல்லை எடுத்து, வாழைநாரால் அதன் நுனியில் சுற்றினாள்.

"என்ன ஆத்தா பண்ற?"

"ஒண்ணுமில்ல, நீ சொல்லு. நட்சத்திரத்துக்கு அந்தப்பக்கம்?"

"அந்தப்பக்கம் ஒரு..." என்று தொடங்கி, சரியாகப் பார்த்துச் சொல்வதற்காக நிமிர முயன்றது. முடியவில்லை. முடிச்சு இறுகியிருந்தது.

"நீ பொழச்சாப் போதும் சாமி," என்றாள் செம்பாயி. வேரை மண்ணுக்குள் தள்ளி மிதித்துவிட்டு, மறுபடி காதைக் கொடுத்தாள். நட்சத்திரத்துக்கு அந்தப்பக்கம் என்ன என்பதைப் புடலங்காய் கடைசிவரை சொல்லவேயில்லை.

அன்று தொட்டுத்தான் புடலங்காய் பந்தலுக்கு அடியில் கல்லோடு தொங்குகிறது. கல் நழுவிவிட்ட காய் நுனியை மேல்நோக்கி வளைத்துக்கொள்கிறது.