கம்பிமலைக்கு யாரோடு போவது

கம்பிமலை அடிவாரத்தில் சிவகாமி அம்மையின் ஆசிரமம் இருந்தது. ஆசிரமம் என்றால் ஓட்டுக் கட்டடம் ஒன்று, சமையற்கட்டு ஒன்று, சீடர்கள் சிலர். அவர்களில் ஆவுடையப்பன் அம்மையைவிட வயதில் மூத்தவர். படுக்கையில் கிடந்த மனைவியை வருடக்கணக்கில் பார்த்துக்கொண்டு, அவள் போன பிறகு இங்கே வந்தவர். வந்ததும் சமையலை எடுத்துக்கொண்டார். ஓய்வெடுங்கள் என்று யாராவது சொன்னால், "பரவாயில்லை, பார்த்துக்கிறேன்" என்பார்.

மலை உச்சியில் அம்மையின் குருவுடைய சமாதி. பின்பக்கத்துப் பழைய பாதை மழையில் சரிந்துவிட்டது. இப்போது ஒரே வழி முன்பக்கத்துச் செங்குத்துப் பாறைதான். அதில் இரும்புப் படிகளை அறைந்து, பக்கத்தில் கம்பிவடம் இழுத்துக் கட்டியிருந்தார்கள். ஏறுகிறவரின் இடுப்புப் பட்டையில் இரண்டு கொக்கிகள் தொங்கும். இரண்டையும் வடத்தில் மாட்டிக்கொண்டு ஏற வேண்டும். வடத்தைப் பாறையோடு பிணைத்த இடம் வந்தால் ஒரு கொக்கியைக் கழற்றி அதற்கு அப்பால் மாட்ட வேண்டும். அது பூட்டிக்கொண்ட பிறகுதான் மற்றதைத் தொடலாம். வழிகாட்டி இல்லாமல் யாரையும் ஏற விடுவதில்லை.

மாசியில் எல்லோரும் சமாதிக்குப் போக ஆசைப்பட்டார்கள். அவர்களில் ஒருவரும் அந்தப் பாறையில் ஏறியதில்லை. வழிகாட்டியைத் தேடும் வேலை ஆவுடையப்பனிடம் வந்தது.

விசாரித்து விசாரித்து அலுத்துப்போய், ஒரு மாலை அம்மையிடம் வந்து உட்கார்ந்தார்.

"ரெண்டு பேர் இருக்காங்கம்மா. ஒருத்தர் துரைக்கண்ணு. கூட்டிட்டுப் போன யாரையும் உச்சி காட்டாம இறக்கினதில்லைன்னு எல்லாரும் சொல்றாங்க. இன்னொருத்தர் மரியதாஸ். அவரோட போறவங்க நிறையப் பேர் பாதியிலேயே திரும்பிடறாங்களாம். யாரைப் பேசட்டும்?"

"உங்களுக்கு யாரைத் தோணுது?"

"துரைக்கண்ணுதான்."

"சரி. முதல்ல அவரோட நாம ரெண்டு பேரும் போய்ப் பார்ப்போம். நீங்க நல்லாத் தூங்கி எழுந்து ஒரு நாள் சொல்லுங்க."

"நாளைக்கே போகலாம்மா. எனக்கென்ன."

அம்மை அவர் முகத்தைப் பார்த்தார்.

வெயில் ஏறுமுன் கிளம்பினார்கள். துரைக்கண்ணு கலகலப்பான மனிதர். இருவருடைய பட்டையையும் இழுத்து இழுத்துப் பார்த்தார். கொக்கி மாற்றுவதைச் சொல்லிக் கொடுத்து, செய்து காட்டச் சொன்னார். பிறகு முன்னால் ஏறினார். நடுவில் ஆவுடையப்பன், கடைசியில் அம்மை.

பாதிக்கு மேலே ஆவுடையப்பனின் முன்கை மரத்துப்போனது. பல மாதங்களாகத் தூங்காதவர் போல் உடம்பு கனத்தது.

"எப்படி இருக்கு ஐயா?" மேலிருந்து துரைக்கண்ணு கேட்டார்.

"பரவாயில்லை."

"இன்னும் கொஞ்சம்தான். உங்க வயசுல இப்படி ஏறுற ஆளை நான் பார்த்ததில்லை."

ஆவுடையப்பன் சிரித்துவைத்தார். அடுத்த பிணைப்பில் ஒரு கொக்கியைக் கழற்றினார். அதை மாட்டினோமா என்று நினைவில்லாமல் மற்றதையும் கழற்றினார். குனிந்தபோது இரண்டும் கையில் இருந்தன. வெகு கீழே மரங்களின் தலை தெரிந்தது. ஒற்றைக் கைதான் படியைப் பிடித்திருந்தது.

ஒரு கொக்கியை மாட்டினார். பிறகு இன்னொன்றை. துரைக்கண்ணு ஏதோ பாடிக்கொண்டு மேலே போய்க்கொண்டிருந்தார்.

கீழிருந்து அம்மையின் குரல் வந்தது.

"துரைக்கண்ணு, எனக்கு முடியல. இறங்கணும்."

"அம்மா, உச்சி தெரியுது பாருங்க. இந்தத் திருப்பம் தாண்டினாப் போதும். இதுவரைக்கும் நான் யாரையும்..."

"இறங்கணும்."

துரைக்கண்ணுவின் முகம் சுண்டிவிட்டது. ஆனாலும் பத்திரமாக இறக்கினார்.

வழியில் ஒரு பாறை விளிம்பில் மரியதாஸின் குழு உட்கார்ந்திருந்தது. நடுவயதுப் பெண் ஒருத்தி முழங்காலில் முகம் புதைத்து அழுதுகொண்டிருந்தாள். மரியதாஸ் அவள் பக்கத்தில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார். அவளிடம் எதுவும் பேசவில்லை. அவசரமும் படவில்லை.

"இவன் ஏறினதைவிட உட்கார்ந்ததுதான் ஜாஸ்தி," என்றார் துரைக்கண்ணு.

அடிவாரத்தில் பட்டைகளை வாங்கிக்கொண்டு அவர் போய்விட்டார். ஆவுடையப்பனால் உடனே நடக்க முடியவில்லை. புளியமர நிழலில் உட்கார்ந்தார். அம்மையும் உட்கார்ந்தார்.

"உங்களுக்கு நிஜமாவே முடியலையாம்மா?"

"யாராவது ஒருத்தர் சொல்லணுமே."

ஆவுடையப்பன் உள்ளங்கைகளைப் பார்த்தபடி இருந்தார். கம்பியின் துரு அவற்றில் ஒட்டியிருந்தது. அதைத் தேய்த்துக்கொண்டே கேட்டார்.

"அப்ப, நம்ம ஆட்களை மரியதாஸோட அனுப்பட்டுமா?"

"நாளைக்கு அவரைப் போய்ப் பாருங்க. நம்ம ஆட்களைப் பத்திப் பேச்சே எடுக்க வேண்டாம். மேலே உங்க கையில ரெண்டு கொக்கியும் இருந்துச்சே, அதை அவர்கிட்டச் சொல்லிப் பாருங்க. பரவாயில்லைன்னு மழுப்பாம அதைச் சொல்ல வாய் வந்துச்சுன்னா, அவரோட போகலாம்."