டூகல் இடித்த மூன்று கோட்டைகள்

வெயில் வந்தால் விருந்தாளி வந்ததுபோல மகிழும் குளிர்நாடு ஸ்காட்லாந்து. பல நூறு வருடங்களுக்கு முன் அங்கே டூகல் என்றொரு படைத்தலைவன் இருந்தான். பிரபு வீட்டுப் பிள்ளை. ஆனாலும் படையோடு ஓட்ஸ் கஞ்சி குடிப்பான், படையோடு புல்லில் படுப்பான், படையோடு மழையில் நனைவான். அதனால் அவன் கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் ஆட்கள் போனார்கள்.

தெற்கேயிருந்து எதிரிப்படை வருடந்தோறும் வந்தது. வந்தவன் ஒரு கோட்டைக்குள் உட்கார்ந்துவிட்டால் அவனை எழுப்ப முடியாது. எல்லாக் கோட்டைகளையும் காக்க டூகலிடம் ஆள் போதாது. என்ன செய்வது? தங்கள் கோட்டைகளைத் தாங்களே இடிப்பது என்று முடிவு செய்தார்கள். சிரிக்காதீர்கள், அந்த நாட்டு வழக்கமே அப்படித்தான்.

முதலில் மோராக் என்ற விதவையின் கோட்டை. அவள் டூகலின் காலடியில் காறித் துப்பினாள். "நாடு பெரிது, தாயே" என்றான் டூகல். இடித்தார்கள்.

அடுத்தது அவன் மனைவி மார்சலியின் அண்ணன் நீலுடைய கோட்டை. நீல் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். "நாடு பெரிது, மச்சான்" என்றான் டூகல். இடித்தார்கள்.

மூன்றாவது, டூகலின் சொந்தக் கோட்டை. அவன் அப்பா பன்னிரண்டு வருடம் பாடுபட்டுக் கட்டியது. எதிரியோ மூன்று நாள் தொலைவில். டூகல் மதிலை ஒரு சுற்று சுற்றி வந்தான், கல்லைத் தடவிப் பார்த்தான், தொண்டையைச் செருமினான்.

"இது உறுதியான கோட்டை. இது இருக்கட்டும்" என்றான்.

ஆட்கள் ஓட்ஸ் மாவுப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, மும்மூன்று பேராக வீட்டுக்குக் கிளம்பினார்கள், பட்டப்பகலில், அவன் கண்ணெதிரே. பாவம், டூகல் கெட்டவன் இல்லை. பிறந்த வீட்டை இடிக்க யாருக்குத்தான் மனசு வரும்? ஆனால் மாலைக்குள் பாதிப் படை போய்விட்டது. மீதியும் போனால் நாடே போய்விடும்.

அவன் மார்சலியிடம் ஓடினான். "உனக்காகத்தான் விட்டேன். குளிர்காலத்தில் எங்கே இருப்பாய்?"

"என் பேரைச் சொல்லாதீர்கள்" என்றாள் அவள். "என் அண்ணன் மனைவி மாட்டுக்கொட்டகையில் இருக்கிறாள். அவளுக்குக் குளிராதா?"

டூகலுக்கு வெட்கத்தில் முகம் சிவந்தது. கடப்பாரையை எடுத்தான். அப்பா கையால் வைத்த வாசற்கல்லை முதலில் பெயர்த்தான். அழுதுகொண்டேதான் பெயர்த்தான், மறைக்கவில்லை.

போனவர்கள் தூரத்திலிருந்து பார்த்தார்கள். மூன்று பேர் திரும்பினார்கள். பிறகு முப்பது பேர். பிறகு எல்லாரும். கூட்டத்தை விலக்கிக்கொண்டு மோராக் வந்தாள். டூகல் தூக்க முடியாமல் திணறிய உத்தரத்தின் மறுமுனையைப் பிடித்தாள்.

"மெதுவாகத் தூக்கு மகனே" என்றாள்.

எதிரி வந்தான். தங்குவதற்குக் கூரையில்லை, ஒதுங்கச் சுவரில்லை, எதிரே கலையாத படை. பனி விழுமுன் வந்த வழியே திரும்பிப் போனான். டூகலும் மார்சலியும் அந்தக் குளிர்காலத்தை நீலின் மாட்டுக்கொட்டகையில் கழித்தார்கள்.

ஆகவே கேட்டுக்கொள்ளுங்கள்: ஊரிடம் கேட்கும் தியாகத்தைத் தானும் செய்பவன் சொல்லுக்குத்தான் ஊர் கட்டுப்படும்.