தோற்ற அணியின் பெயர்

வெள்ளாந்துறைக் கடற்கரை மைதானத்தில் ஐம்பதாவது கால்பந்துக் கோப்பை இறுதி ஆட்டம் நடக்கவிருந்த வருடம், போட்டிக் குழு ஒரு மலர் போட நினைத்தது. முதல் வருடத்திலிருந்து நடந்த இறுதி ஆட்டங்களின் வரலாறு அதில் வர வேண்டும். எழுதும் பொறுப்பு செலஸ்டினுக்கு வந்தது.

செலஸ்டின் அரசுப் பள்ளியில் கணக்கு வாத்தியார். வயது நாற்பத்தேழு. பதினைந்து வருடமாக ரெஃப்ரியாகவும் இருக்கிறான். அவனுக்கு விசில் பிடிக்கக் கற்றுக்கொடுத்தவர் ததேயு ஆசான். அந்தக் கரையில் ரெஃப்ரியாக நின்றவர்கள் பெரும்பாலும் ததேயு ஆசானிடம் படித்தவர்களே.

ஐந்து மாதம் அலைந்து எழுதினான். எழுபத்திரண்டில் முதல் கோப்பை. எழுபத்தெட்டில் மூன்று நாள் ஆடியும் சமன், நான்காம் நாள் பூவா தலையா போட்டு முடித்தார்கள். எண்பத்து மூன்றில் பந்து கடலுக்குள் போய், வள்ளம் இறக்கி எடுத்து வரும்வரை இருபத்திரண்டு பேரும் மணலில் உட்கார்ந்திருந்தார்கள். இரண்டாயிரத்து ஐந்தில் ஆட்டம் இல்லை. கடல் ஏறி வந்து போனபின் மைதானம் முழுக்கக் கூடாரங்கள் இருந்தன. கொரோனாவில் இரண்டு வருடம் இல்லை. மற்றபடி நாற்பத்தொன்பது இறுதி ஆட்டங்கள். வருடம், வென்ற அணி, கோல் அடித்தவர் பெயர், தலைவர் கையில் கோப்பை இருக்கும் படம் எல்லாம் சேர்த்தாயிற்று.

எழுதிய தாள்கட்டை எடுத்துக்கொண்டு போய் ஆசானிடம் கொடுத்தான். ஆசான் ஒரு வாரம் வைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்தவனிடம் திருப்பிக் கொடுத்தார்.

"நல்லா எழுதியிருக்கே" என்றார்.

செலஸ்டினுக்குச் சந்தோஷம்.

"ஒரு சந்தேகம் மட்டும். நாப்பத்தொம்பது ஃபைனல்லயும் ஒரு டீம்தான் ஆடியிருக்கா?"

அவன் தாள்கட்டைப் பிரித்துப் பார்த்தான். தோற்ற அணியின் பெயர் சில பக்கங்களில் இருந்தது, பல பக்கங்களில் இல்லை. அதில் ஆடிய ஒருவர் பெயர்கூட எங்கும் இல்லை.

ஆசான் பால் விடாத கட்டஞ்சாயா கொண்டுவரச் சொன்னார்.

மறுபடியும் கிளம்பினான். இந்த முறை தோற்றவர்களைத் தேடி. ஜெயித்தவர்களைக் கண்டுபிடிக்கச் சிரமம் இருக்கவில்லை; அவர்களே வந்து சொன்னார்கள். தோற்றவர்களோ முதலில் ஒன்றும் ஞாபகமில்லை என்றார்கள். கொஞ்ச நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தால், எந்தக் காலால் அடித்தோம், காற்று எந்தப் பக்கம் வீசியது என்பதுவரை சொன்னார்கள். எழுபத்தெட்டில் பூவா தலையாவில் தோற்ற தலைவர், தலை கேட்டிருக்க வேண்டும் என்று நாற்பத்தாறு வருடம் கழித்து மனைவியிடம் சொல்லி வருத்தப்பட்டார். அவர் அதைச் சொல்வது அன்றுதான் முதல் தடவை என்று அந்த அம்மா சிரித்தாள்.

இப்படித்தான் அவன் தொண்ணூற்றொன்றாம் வருடத்துக்கு வந்து சேர்ந்தான்.

அந்த வருடம் தெரியாதவர் கரையில் இல்லை. வெள்ளாந்துறையும் பக்கத்து ஊர் புத்தன்கரையும் மோதின. ஆட்டம் முடியப் பத்து நிமிடம் இருக்கையில் வெள்ளாந்துறை ஒரு கோல் போட்டு ஜெயித்தது. பந்து கையில் பட்டுத்தான் உள்ளே போனது என்று புத்தன்கரை இன்றுவரை சொல்கிறது. தலையில் பட்டது என்று வெள்ளாந்துறை சொல்கிறது. கல்யாண வீட்டில், மீன் ஏலத்தில், பேருந்தில் இது எத்தனையோ முறை சண்டையில் முடிந்திருக்கிறது. அன்று ரெஃப்ரியாக நின்றவர் ததேயு ஆசான்.

புத்தன்கரையின் கோல்கீப்பர் ஜெர்வாசிஸ். ரெஃப்ரியை அடித்தார் என்று போட்டிக் குழு அவருக்கு வாழ்நாள் தடை போட்டது. அதன் பிறகு அவர் இந்த மைதானத்தில் கால் வைத்ததில்லை.

செலஸ்டின் தேடிப் போனபோது ஜெர்வாசிஸ் வீட்டு முற்றத்தில் வள்ளத்து இஞ்சினைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தார். வயது ஐம்பத்தேழு. விரல்கள் நீளமாக, கிரீஸ் படிந்து இருந்தன. வெள்ளாந்துறைக்காரன் என்று தெரிந்தும் உட்காரச் சொன்னார்.

கோலைப் பற்றித்தான் செலஸ்டின் கேட்டான். அவன் ஊர் ஜெயித்த கோல். கேட்கவே சங்கடமாக இருந்தது.

"கையிலதான் பட்டது" என்றார் ஜெர்வாசிஸ். "அது போட்டும். ரெஃப்ரிமாருக்குத் தப்பு வராம போவுமா? வெயில் நேரா கண்ணுல அடிச்ச நேரம் அது."

பிறகு இஞ்சினைப் பார்த்துக்கொண்டே சொன்னார். அவருக்கு அப்போது இருபத்துநான்கு வயது. ஒரு கம்பெனி அணியில் வேலையோடு இடம் ஏறக்குறைய உறுதியாகியிருந்தது. ரெஃப்ரியை அடித்தவன் என்று அங்கே தெரிந்ததும் வர வேண்டாம் என்று கடிதம் வந்தது. கடலுக்குப் போனார். அதில் பெரிய வருத்தமில்லை. கடல் சோறு போட்டது.

"நான் அடிக்கல்ல" என்றார். "சட்டையைப் பிடிச்சேன். பிடிச்சு ஒண்ணே ஒண்ணு கேட்டேன். நீங்க பாத்தீங்களான்னு. அவ்வளவுதான்."

செலஸ்டின் எழுதுவதை நிறுத்தினான்.

"எம் மவ சின்னதுல கேட்டா, அப்பா நீங்க அடிச்சீங்களான்னு. இல்லன்னேன். பின்ன ஏன் அப்படி எழுதி வச்சிருக்குன்னு கேட்டா."

போட்டிக் குழுவின் பழைய காகிதங்கள் ஒரு தகரப் பெட்டியில் இருந்தன. மறுநாள் செலஸ்டின் அதைத் திறந்து தொண்ணூற்றொன்றாம் வருடத்து ரெஃப்ரி அறிக்கையை எடுத்தான். ஆசானின் கையெழுத்து அன்றும் அச்சடித்த மாதிரிதான் இருந்தது. கடைசி வரி: "புத்தன்கரை கோல்கீப்பர் ஜெர்வாசிஸ் ரெஃப்ரியை அடித்தார்." கண்ணால் கண்டதை மட்டும் எழுது, ஒரு சொல் கூட்டாதே என்பது ஆசான் எல்லாருக்கும் முதல் நாள் சொல்லிக்கொடுக்கும் பாடம். செலஸ்டினும் அப்படித்தான் படித்தான்.

மூன்று வாரம் அவன் ஆசான் வீட்டுப் பக்கம் போகவில்லை. அந்தப் பக்கத்தை ஜெர்வாசிஸ் சொன்னபடி எழுதினால் ஆசான் பொய்யர் ஆவார். அறிக்கையில் உள்ளபடி எழுதினால் ஜெர்வாசிஸ் இன்னொரு முறை அடித்தவர் ஆவார். விட்டுவிட்டால் ஆசான் கேட்ட அதே கேள்வி மறுபடியும் வரும். மனைவி என்னவென்று கேட்டாள். அச்சகத்தில் தாமதம் என்றான்.

நான்காவது ஞாயிற்றுக்கிழமை போனான். அறிக்கையை ஆசான் முன்னால் வைத்தான்.

"ஆசானே, அவரு உங்கள அடிச்சாரா?"

ஆசான் காகிதத்தைக் கையில் எடுக்கவில்லை. குனிந்து அந்தக் கடைசி வரியை வாசித்தார். வெளியே யாரோ மீன்காரியைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். செலஸ்டின் எழுந்து போய்விடலாமா என்று நினைத்தான்.

"இல்ல" என்றார் ஆசான்.

அந்த வரியின் மேல் விரலை வைத்தார்.

"சட்டையைப் பிடிச்சான். பாத்தீங்களான்னு கேட்டான். நான் பாக்கல்ல. வெயில் கண்ணுல. கூட்டம் கத்தினதக் கேட்டு விசில் ஊதினேன். பாத்தேன்னு சொல்லவும் வாய் வரல்ல, பாக்கல்லன்னு சொல்லவும் வரல்ல." காகிதத்தை அவன் பக்கம் தள்ளினார். "அடிச்சவன்னு எழுதிட்டா, அவன் கேட்டதுக்குப் பதில் சொல்ல வேண்டாம் பாரு."

செலஸ்டினால் தலை நிமிர முடியவில்லை. கோபம் வரும் என்று நினைத்து வந்தவனுக்கு அழுகைதான் வரப் பார்த்தது.

ஆசான் ஒரு வெள்ளைத்தாள் கேட்டார். மேலே அன்றைய தேதியைப் போட்டார். மெல்ல எழுதினார். எழுதியதை இரண்டு முறை வாசித்து, ஒரு சொல்லை அடித்துவிட்டு, கையெழுத்துப் போட்டார். பிறகு உள்ளே போய்ச் சட்டை மாற்றிக்கொண்டு வந்தார்.

"வா. புத்தன்கரை பஸ் எப்ப?"

ஆசானுக்கு அறுபத்தெட்டு வயது. நிறுத்தத்திலிருந்து ஜெர்வாசிஸ் வீடுவரை மணலில் நடக்கச் சிரமப்பட்டார். செலஸ்டின் கை கொடுத்தான். வேண்டாம் என்றார்.

ஜெர்வாசிஸ் முற்றத்தில் எழுந்து நின்றார். ஆசானை அவர் உடனே அடையாளம் கண்டுகொண்டது முகத்தில் தெரிந்தது.

ஆசான் தாளை எடுத்து வாசிக்க வாய் திறந்தார்.

"நில்லுங்க" என்றார் ஜெர்வாசிஸ். உள்ளே பார்த்து, "அனிட்டா, இங்க வா மக்களே" என்று கூப்பிட்டார்.

மகள் வந்தாள். முப்பது வயதிருக்கும். பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருந்தாள். வயிற்றில் ஒரு கையை வைத்துக்கொண்டு வாசற்படியில் நின்றாள்.

"இவகிட்ட வாசியுங்க."

ஆசான் அவளைப் பார்த்துத் திரும்பி நின்று வாசித்தார்.

"தொண்ணூற்றொன்றாம் வருட இறுதி ஆட்டத்தில் கோல்கீப்பர் ஜெர்வாசிஸ் என்னை அடிக்கவில்லை. சட்டையைப் பிடித்து ஒரு கேள்வி கேட்டார். கேட்க அவருக்கு உரிமை இருந்தது. அடித்தார் என்று நான் எழுதியது பொய். தெரிந்தே எழுதினேன். ததேயு, ரெஃப்ரி."

அனிட்டா அப்பாவைப் பார்த்தாள். ஜெர்வாசிஸ் கையிலிருந்த துணியால் விரல்களைத் துடைத்துக்கொண்டே இருந்தார். துடைத்த விரலையே திரும்பத் திரும்பத் துடைத்தார்.

"வெயில்ல நிக்கிறீங்க" என்றாள் அவள் ஆசானிடம். "உள்ள வாங்க. சாயா போடுகேன்."

மூவரும் சாயா குடித்தார்கள். எண்பத்தொன்பதில் ஜெர்வாசிஸ் ஒரே ஆட்டத்தில் இரண்டு பெனால்டி தடுத்ததை ஆசான் நினைவுபடுத்தினார். மூன்று என்றார் ஜெர்வாசிஸ். ஆசான் யோசித்துவிட்டு ஆமாம், மூன்று என்றார்.

மலரில் அந்தத் தாள் அப்படியே அச்சாவதில் போட்டிக் குழுவுக்கு விருப்பமில்லை. கோப்பையின் மரியாதை என்னாவது என்றார்கள். இந்தப் பக்கம் இல்லையென்றால் மற்ற பக்கங்களையும் திருப்பிக் கொடுங்கள் என்று செலஸ்டின் சொன்னான். அவன் அப்படிப் பேசி அதுவரை யாரும் கேட்டதில்லை. அச்சானது. தடையையும் நீக்கினார்கள். ஒவ்வொரு வருடத்துக்கும் எதிரெதிரே இரண்டு பக்கம். வென்ற பதினொரு பேர் ஒரு பக்கம், தோற்ற பதினொரு பேர் மறுபக்கம்.

ஐம்பதாவது இறுதி ஆட்டத்துக்கு ஜெர்வாசிஸ் வந்தார். நாற்காலியில் உட்காரச் சொன்னதற்கு மாட்டேன் என்றார். கடல் பக்கத்துக் கோல்கம்பத்தின் பின்னால் போய் மணலில் நின்றுகொண்டார். பந்து அந்தப் பக்கம் வரும்போதெல்லாம் அவர் முழங்கால்கள் தாமாகக் கொஞ்சம் மடங்கின.

ஆசானும் செலஸ்டினும் கோட்டுக்கு வெளியே உட்கார்ந்திருந்தார்கள். பாதி நேர விசில் ஊதிற்று. எதிர்ப்பக்கம் இரண்டு பேர் தொண்ணூற்றொன்றாம் வருடத்துக் கோலைப் பற்றிச் சத்தமாக வாதாடுவது கேட்டது. கையா, தலையா.

செலஸ்டின் நெடுநாளாக வைத்திருந்த கேள்வியைக் கேட்டான்.

"முப்பத்து மூணு வருஷம் எப்படி ஆசானே சொல்லாம இருந்தீங்க?"

ஆசான் வாதாடுகிறவர்களைப் பார்த்தார்.

"எல்லாரும் கோலைப் பத்தித்தான் கேட்டாங்க மக்களே" என்றார். "அது எனக்கு வசதியா இருந்துது."